ஜட்சன் ஐயர் சென்ற வழி

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து மக்கள் ஆலயத்தை விட்டு வெளிவருங்கால், குருவானவர் நீட்டும் தட்டிலிருந்து வாக்குத்தத்தச் சீட்டொன்றை எடுத்துச் செல்லும் வழக்கம் நம் திருச்சபைகள் பலவற்றில் உண்டு. எடுத்தவர் விளக்கருகே சென்று அதனைப் படித்து முகமலர்வதையும், தமக்குக் கிடைத்தது போதாதென்று உடன்பிறந்தாரின் சீட்டை வாங்கிப் பார்ப்பதையும் சிறு வயது முதல் கண்டிருக்கின்றேன். வேதப் புத்தகத்தைக் கண்மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தைத் தம் வினாவுக்கு விடையாகக் கொள்வாரும் நம்மிடையே உளர். இவர்களை எள்ளுதல் என் கருத்தன்று. எதனைக் கற்பது, எத்தொழிலை மேற்கொள்வது, எவரை மணப்பது என்னும் வினாக்கள் எழும்போது இறைவன் திருவுளத்தை அறிய விழைதல் கிறிஸ்தவர்க்கு இயல்பே. அஃது எவ்வாறு அறியப்படும் என்பதில்தான் வருத்தமெல்லாம் இருக்கின்றது. விடுதியில் இதனைக் குறித்து ஓரிரவு முழுதும் வழக்காடிக் களைத்த நண்பர் சிலருக்கு, பர்மிய மக்களின் மொழியில் திருமறையைப் பெயர்த்தளித்த அடோனிராம் ஜட்சன் ஐயரின் வரலாற்றைக் கூறினேன். அவர்கள் வேண்டியபடி அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

ஜட்சன் 1788ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாகாணத்திலுள்ள மால்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு சபையின் குரு, கண்டிப்பானவர். அவர் வெளியூர் சென்றிருந்த சில நாட்களில் தாயார் மூன்று வயது மகனுக்கு எழுத்தறிவித்துவிட்டார். திரும்பி வந்த தந்தைக்குக் குழந்தை வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தைப் படித்துக் காட்டிற்று. அன்று முதல் இம்மகன் உலகம் போற்றும் பெரியோன் ஆவான் என்னும் நம்பிக்கை தந்தையார் உள்ளத்தில் வேரூன்றிற்று. மகனும் அதற்கேற்பவே வளர்ந்தார். 1804இல் பிராவிடென்ஸ் நகரத்துக் கல்லூரியிற் சேர்ந்து, 1807இல் வகுப்பில் முதல்வராய்த் தேறினார். அப்போது அவர்க்கு வயது பத்தொன்பது. அடுத்த ஆண்டே இலக்கண நூலொன்றும் கணக்கு நூலொன்றும் எழுதி வெளியிட்டார். அதே வயதினனாகிய யான், இவ்வாண்டுமலருக்கு ஒரு கட்டுரை எழுதுவதற்குள் படும் பாட்டை நினைந்து நாணுகின்றேன்.

இத்துணைப் புகழும் பெற்ற அவ்விளைஞர் உள்ளத்தில் இறை நம்பிக்கை இல்லாதொழிந்திருந்தது. கல்லூரியில் ஈம்ஸ் என்னும் மூத்த மாணவர் அவர்க்கு உயிர்த்தோழர். இறைவன் இவ்வுலகைப் படைத்தது உண்மையே. ஆயினும் படைத்தபின் அதன் நடப்பில் அவர் கைவைப்பதில்லை, மறையென்றும் மன்றாட்டென்றும் கூறுவனவெல்லாம் மனிதர் கற்பனை என்பது அவ்வீம்ஸின் கொள்கை. ஜட்சனும் அதனையே தழுவினார். பின்னாளில் வாழ்நாள் முழுதும் இறைவன் காட்டும் வழியை நாடி நடந்தவர், பத்தொன்பதாம் வயதில் அவர் வழி காட்டுவதே இல்லையென உறுதியாக எண்ணியிருந்தார். இருபதாம் வயதில் இதனைப் பெற்றோரிடம் வெளிப்படையாகக் கூறினார். தந்தை வாதிட்டார், அவர் வாதங்களை மகன் எளிதில் வென்றார். தாய் அழுதார், அதனை மட்டும் அவரால் வெல்ல இயலவில்லை. எனினும் வீட்டை விட்டுப் புறப்பட்டு நியூயார்க்கு சென்று, நாடகக் குழு ஒன்றோடு சில நாள் அலைந்தார்.

அதன்பின் நிகழ்ந்ததை அவர் வரலாற்றை எழுதியோர் பலரும் உரைப்பர். ஓரிரவு அவர் ஒரு சிற்றூர் விடுதியில் தங்க நேர்ந்தது. அடுத்த அறையில் இளைஞர் ஒருவர் சாகும் நிலையில் இருப்பதாகவும், வேறு இடம் இல்லையென்றும் விடுதிக்காரர் வருந்திக் கூறினார். இரவெல்லாம் முனகலும் காலடி ஓசையும் கேட்டவண்ணம் இருந்தன. ஜட்சனுக்கு உறக்கம் வரவில்லை. அம்மனிதன் சாவதற்கு ஆயத்தமாயிருக்கின்றானோ என்னும் எண்ணம் எழுந்தது. ஈம்ஸ் இதனைக் கேட்டால் எங்ஙனம் நகைப்பார் என்னும் நாணமும் உடன் எழுந்தது. காலையில் விசாரித்தபோது, அவ்விளைஞர் இறந்துவிட்டார் என்றும், பிராவிடென்ஸ் கல்லூரியிற் பயின்றவர் என்றும், பெயர் ஈம்ஸ் என்றும் விடுதிக்காரர் கூறினார்.

நம் சொற்பொழிவாளர்கள் இந்நிகழ்ச்சியைக் கூறும்போது, ஜட்சன் அந்த நொடியே முழந்தாளிட்டு மனந்திரும்பியதாகக் கதையை முடித்துவிடுவர். உண்மை அவ்வாறன்று. அவர் செய்ததெல்லாம், மேற்கு நோக்கிச் சென்ற குதிரையை வீட்டை நோக்கித் திருப்பியதே. ஐயங்கள் ஐயங்களாகவே இருந்தன. 1808 அக்டோபரில் ஆண்டோவர் வேதசாத்திரக் கல்லூரியில் அவரைச் சேர்த்துக்கொண்டபோதும் அவர் விசுவாசியெனக் கருதப்பெறவில்லை. கற்க விரும்பும் ஒருவராகவே இடம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரிலேதான் தம்மை இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தார். ஓரிரவின் அதிர்ச்சி அவரைத் திருப்பிற்று. கண் தெளிவதற்கோ திங்கள் பல ஆயின.

1809இல், இந்தியாவிற் பணியாற்றித் திரும்பிய கிளாடியஸ் புக்கானன் என்னும் குருவானவரின் அருளுரை ஒன்று அச்சாகி அவர் கைக்கு எட்டிற்று. கீழை நாடுகளில் நற்செய்தி பரவுதலைக் குறித்தது அது. அதனைப் படித்த நாள்முதல் பாடங்களில் அவர் மனம் ஊன்றவில்லை. ஆவா நகரத்து அரசவைக்குக் கும்பினியாரின் தூதராகச் சென்ற மைக்கேல் சைம்ஸ் என்பார் எழுதிய நூலையும் தேடிப் படித்தார். பர்மா என்னும் பெயர் அப்போதே அவர் உள்ளத்தில் விழுந்துவிட்டது. 1810 பிப்ரவரியில் கல்லூரிக்குப் பின்னிருந்த காட்டில் தனியே உலாவுகையில், கீழை நாடு செல்வதெனத் துணிந்தார். அதே காலத்தில் பாஸ்டன் நகரத்துப் பெரிய சபையொன்றில் உதவிக் குருவாகும் வாய்ப்பு வந்தது. வீட்டிற்கு அண்மையில் இருப்பாய் என்று தாயும் தங்கையும் மகிழ்ந்தனர். அவர்கள் கண்ணீருக்கிடையே அதனை மறுத்தார். அச்சிட்ட உரையொன்று, தூதர் எழுதிய பயண நூலொன்று, காட்டில் ஓர் உலா: அவர் பெற்ற அழைப்பு இவ்வளவே. இவ்வளவிற்கும் மேலான அடையாளம் வேண்டுமென்று அவர் காத்திருக்கவில்லை.

1812 பிப்ரவரி 5ஆம் நாள் ஆன் ஹாசெல்டைன் என்னும் நங்கையை மணந்து, 19ஆம் நாள் சேலம் துறைமுகத்தில் கப்பலேறினார். (நம் சேலம் அன்று, மாசச்சூசெட்சிலும் ஒரு சேலம் உண்டு.) உடன் சென்றோர் நியூவெல் தம்பதியர். கடற்பயணத்தில் ஒரு சிக்கல் விளைந்தது. வங்காளத்துச் செராம்பூரில் கேரி ஐயர் முதலிய பாப்டிஸ்து மிஷனரிகளைச் சந்திக்க நேருமாதலின், குழந்தை ஞானஸ்நானத்தைக் குறித்து அவர்களோடு வாதிட ஆயத்தஞ் செய்வான் வேண்டி ஜட்சன் கிரேக்க மூலத்தை ஆராயத் தொடங்கினார். ஆராய ஆராய எதிர்க்கட்சியே சரியென அவர்க்குத் தோன்றிற்று. நீர் பாப்டிஸ்து ஆயினும் யான் ஆகேன் என்று மனைவியார் முதலில் மறுத்தாராம். அவரும் தாமே ஆராய்ந்து அம்முடிவிற்கே வந்தார். 1812 செப்டம்பர் 6ஆம் நாள் கல்கத்தாவில் இருவரும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றனர். யான் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவன். அவ்வழக்கைப் பற்றி ஜட்சனுடன் உடன்படேன். ஆயின் இதில் அவர் அடைந்த இழப்பை எண்ணிப் பார்க்கவேண்டும். அவரை அனுப்பிய சங்கம் அக்கொள்கையுடையதன்று. தம் மனச்சான்றுக்குப் பணிந்த அன்றே, அயல்நாட்டில் ஊதியமும் உறவும் இன்றி நின்றார்.

நின்ற இடமும் நிலைக்கவில்லை. தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் மிஷனரிகளைக் கும்பினியார் அந்நாளில் விரும்பவில்லை. அமெரிக்காவிற்கே திரும்புக என்று ஆணையிட்டனர். பின்னர், இங்கிலாந்துக்கு ஏற்றி அனுப்பப்படுவீர் என்றனர். ஜட்சன் தம்பதியர் மொரீஷியஸ் தீவுக்குச் செல்லும் கப்பல் ஒன்றில் அனுமதிச் சீட்டின்றி ஏறினர். ஹூக்ளி ஆற்றில் சில நாள் சென்றதும் அதிகாரிகள் மறித்து அவர்களைக் கரையில் இறக்கிவிட்டனர். கையில் பொருள் இல்லை, கப்பலும் போய்விட்டது. இந்நிலையில் எவரோ பெற்றனுப்பிய அனுமதிச் சீட்டு ஒன்று அவர்களை வந்தடைந்தது. அனுப்பியவர் யாரென்பது அவர்களுக்கே விளங்கவில்லை. ஏறத்தாழ எழுபது மைல் ஆற்றில் விரைந்து சாகர் தீவை அடைந்தபோது, போயிருக்கும் என அஞ்சிய கப்பல் அங்கே நங்கூரமிட்டு நின்றது.

1813 ஜனவரியில் மொரீஷியஸ் சேர்ந்தனர். முன்னரே அங்குச் சென்றிருந்த ஹாரியட் நியூவெல் அம்மையார் பிள்ளையையும் இழந்து தாமும் இறந்திருந்தார். அவருக்கும் வயது பத்தொன்பதே. அத்தீவில் ஆற்றத்தக்க பணி பெரிதாக இல்லையெனக் கண்டு, பினாங்கு செல்லலாம் என ஜட்சன் எண்ணினார். பினாங்கிற்குக் கப்பல் கிடைக்குமென்று சென்னைக்கு வந்தார். 1813 ஜூன் 4ஆம் நாள் அவர்கள் நம் சென்னைக் கரையில் இறங்கினர். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நிற்கும். மக்கள் மசூலாப் படகுகளில் அலையோடு போராடிக் கரையேறுவர். இங்கிருந்த மிஷனரிகள் அன்போடு ஏற்றனர். ஆயின் சென்னையும் கும்பினியாரின் நகரம். அவர்கள் வந்த செய்தி கல்கத்தாவிற்கு அறிவிக்கப்பட்டது; விடை வருமுன் எங்கேனும் போயாக வேண்டும். பினாங்கிற்குக் கப்பல் இல்லை. அந்நாட்களில் புறப்பட நின்றது ஜார்ஜியானா என்னும் பழங்கப்பல் ஒன்றே. அது போகுமிடம் ரங்கூன்.

பர்மாவை எண்ணியே அவர் அமெரிக்காவில் புறப்பட்டார். ஆயின் அந்நாட்டரசின் கொடுமையைக் குறித்துக் கல்கத்தாவிற் கேட்டவை அவ்வெண்ணத்தைக் கைவிடச் செய்தன. கல்கத்தா மூடிற்று, மொரீஷியஸ் பயன்படவில்லை, பினாங்கு கைகூடவில்லை. எல்லாம் அடைபட்டபின், கைவிட்ட முதல் எண்ணமே சென்னைக் கடலில் ஒரு கப்பலாக நின்றது. இதனை இன்று எழுதுவது எளிது. 1813 ஜூன் 22ஆம் நாள் அக்கப்பலேறிய இருவர்க்கும் அது வழிகாட்டுதலாகத் தோன்றிற்றோ என்று ஐயுறுகின்றேன். துணைக்கு அமர்த்திய செவிலி கப்பல் புறப்படும் வேளையில் மயங்கி வீழ்ந்து இறந்தாள். நடுக்கடலில் ஆன் அம்மையாருக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. கப்பல் அந்தமான் தீவுகளுக்கருகே அலைப்புண்டது. ஜூலை 13ஆம் நாள் ரங்கூனில் அம்மையார் நடக்கவும் வலியின்றி இறங்கினார்.

என் செய்தி ஒன்றையும் இங்குக் கூறிவிடுகின்றேன். யான் மருத்துவம் கற்க விண்ணப்பித்து இடம் பெறாமல் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தவன். ஆறுதல் கூறிய உறவினர் அனைவரும், இதுவே தேவ சித்தம் என்றனர். அவர்கள் கூறியது அன்று எனக்கு ஆறுதலாகத் தோன்றவில்லை; சினமே மூண்டது. இடம் கிடைத்திருந்தால் அதனையும் தேவ சித்தம் என்றே கூறியிருப்பார்களன்றோ? ஜட்சனின் வரலாற்றில் எனக்குப் பிடித்தது, அவர் இச்சொல்லை எளிதில் வழங்காமையே. ரங்கூன் கிடைத்தபின் அவர் செய்தது, அதன் உட்பொருளை ஆராய்ந்துகொண்டிராமல் பர்மிய மொழியின் எழுத்துக்களைக் கற்கத் தொடங்கியது.

அதற்கு இலக்கணமும் அகராதியும் போதிய அளவில் இல்லை. ஆசிரியருக்கோ ஆங்கிலம் தெரியாது. பொருள்களைச் சுட்டிச் சுட்டிப் பெயர் கேட்டு, நாள்தோறும் பல மணிநேரம் கற்றார். நம் ஏட்டுச் சுவடிகளைப் போன்றே பர்மியரும் பனையோலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளியின்றி எழுதினர். அச்சுப் புத்தகத்திற் பழகிய கண்ணுக்கு அது எத்துணை இடர் என்பதை, சுவடி படிக்க முயன்ற எம் வகுப்பினர் நன்கறிவர். 1816இல் எட்டுத் திங்கள் மகன் ரோஜர் இறந்தான். 1817இல் மத்தேயுவின் நற்செய்தி அச்சேறிற்று. வழிப்போக்கர் தங்கும் சாவடி போன்றதொரு மண்டபத்தைத் தெருவோரத்தில் கட்டி, 1819 ஏப்ரலில் அங்கே அமர்ந்து போவார் வருவாரோடு பேசலானார். அவ்வாண்டு ஜூன் 27ஆம் நாள் மவுங் நௌ என்னும் தொழிலாளர் ஞானஸ்நானம் பெற்றார். முதற்பயன் காண ஆறாண்டு சென்றது.

1823இல் புதிய ஏற்பாடு முழுதும் பர்மியத்தில் முடிந்தது. 1824 தொடக்கத்தில் ஜட்சன் தலைநகர் ஆவாவிற்குக் குடிபெயர்ந்தார். சில திங்களில் ஆங்கிலேயர்க்கும் பர்மியர்க்கும் போர் மூண்டது. ஆங்கிலேய வணிகர் ஒருவர் வழியாக அவர்க்குப் பணம் வந்ததென்பது வெளிப்படவே, ஒற்றரென்று ஐயுற்று ஜூன் 8ஆம் நாள் அவரைச் சிறையிலிட்டனர். இரவுதோறும் கைதிகளின் விலங்கிட்ட கால்களுக்கிடையே மூங்கிற் கழியொன்றைச் செலுத்தி, தோள் மட்டும் தரையிற் படும்படி உயர்த்திக் கட்டிவிடுவர். ஆன் அம்மையார் பச்சைக் குழந்தையைக் கையிலேந்தி அதிகாரிகளின் வாயில்தோறும் நடந்தார். அச்சேறாத மொழிபெயர்ப்பை முதலில் மண்ணிற் புதைத்து வைத்தனர். ஈரம் பட்டு அழியுமென அஞ்சி, பின்னர் அதனைத் தலையணையொன்றுள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினர். எவரும் விரும்பாத அளவு அது கரடுமுரடாய் இருந்தது. 1825 மே மாதம் கைதிகளை வேற்றூர்ச் சிறைக்கு ஓட்டிச் சென்றபோது, காவலன் மேலுறையை எடுத்துக்கொண்டு உள்ளிருந்ததை எறிந்தான். மவுங் இங் என்னும் பர்மியக் கிறிஸ்தவர் தம் ஆசிரியரின் நினைவுப் பொருளாக அதனை எடுத்து வீட்டில் வைத்தார். உள்ளே இருந்தது இன்னதென்று அவர் அறியார். பின்னர் மொழிபெயர்ப்பு அழிவின்றி அதனுள்ளே காணப்பட்டது.

பதினேழு திங்கள் விலங்கிலிருந்தவர் 1826இல் விடுதலையெய்தினார். இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஞாயிறு பள்ளிக்குரிய நூல்கள் பெரும்பாலும் இங்கே முடித்துவிடும். யான் இவரைப் பற்றி எழுதத் துணிந்தது இதற்குப் பின் நிகழ்ந்ததன் பொருட்டே.

ஆங்கிலேயர் கைக்கு வந்த ஆம்ஹர்ஸ்ட் என்னும் புதிய ஊரில் குடும்பத்தை அமர்த்தினார். அந்நாளில் ஜான் கிராபர்டு என்னும் அதிகாரி, வாணிக உடன்படிக்கைக்காக ஆவாவிற்குத் தூது சென்றார்; ஜட்சனை மொழிபெயர்ப்பாளராக அழைத்தார். அவர் முதலில் மறுத்தார். பர்மிய மக்கட்குச் சமய உரிமை வழங்கும் விதியொன்றை உடன்படிக்கையிற் சேர்க்க முயல்வதாகக் கூறியபின் இசைந்தார். இறைவன் திறக்கும் வாயில் இதுவென எவரும் கருதியிருப்பர். ஆவாவில் அவ்விதி சேரவில்லை. திங்கள் பல வீணாயின. அவர் அங்கிருக்கையிலேயே, 1826 அக்டோபர் 24ஆம் நாள், ஆன் அம்மையார் ஆம்ஹர்ஸ்டில் காய்ச்சலால் இறந்தார். செய்தி ஒரு திங்கள் கழித்துக் கடிதமாய் வந்தது. அடுத்த ஏப்ரல் 24ஆம் நாள், சிறை நாட்களிற் பிறந்த குழந்தை மரியாவும் இறந்தாள்.

அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் ஜட்சன் இருளில் நடந்தார். தம் கல்லூரி அளித்த பண்டிதப் பட்டத்தைத் துறந்தார். தம் சொந்தப் பொருளைச் சங்கத்திற்குக் கொடுத்தார். புகழுரை அடங்கிய கடிதங்களை எரித்தார். புலி நடமாடும் காட்டில் குடிசையொன்று கட்டித் தனித்திருந்து, தமக்கெனக் குழியொன்று வெட்டி அதனருகே அமர்ந்து உடல் அழிவதைச் சிந்தித்தார். இறைவன் இருக்கின்றார் என்பதில் அவர்க்கு ஐயமில்லை. அவரைக் காணத்தான் முடியவில்லை. சென்னையில் ஒரு கப்பலைக் காட்டியவர் இக்காட்டில் ஒன்றுங் காட்டவில்லை. கும்பினியாரின் ஆணைகளும் ஆவாவின் விலங்கும் செய்யாததை இம்மௌனம் அவர்க்குச் செய்தது. ஆவாவிற்குப் போனது பிழையோ என்று அவர் தம்மையே எத்தனை முறை கேட்டிருப்பாரோ! அவ்வினாவுக்கு விடை அவர் வரலாற்றில் எங்கும் இல்லை. யானும் ஒன்றைப் புனைந்து கூற விரும்பவில்லை.

அவர் எவ்வாறு மீண்டார் என்பதையும் ஒரு நாள் குறித்துச் சொல்ல இயலாது. 1829இல், நெடுங்காலம் நம்பிக்கையின்றி இருந்த தம் தம்பி எல்னாதன் விசுவாசத்தோடு இறந்தார் என்னும் செய்தி வந்து அவரைத் தேற்றிற்று. பணி அவரைக் காட்டிலிருந்து இழுத்தது. 1831இல் ரங்கூனில் பெருந்திருவிழாவிற்கு வந்த மக்கள், நெடுந்தொலைவிலிருந்தும் வந்து அவர் வீட்டைத் தேடிக் கைப்பிரதி கேட்டனர். கேட்டவர்க்கு மட்டுமே கொடுத்தும் பதினாயிரத்திற்கு அண்மையான பிரதிகள் செலவாயின. காரேன் மக்களின் மலையூர்கட்குச் சென்றார். பின்னர் மோல்மேனில் ஓர் அறையில் அமர்ந்து பழைய ஏற்பாட்டை நாளும் சில வசனங்களாகப் பெயர்த்து வந்தார். 1834 ஜனவரி 31ஆம் நாள் அது முடிந்தது. முடித்ததைத் திருத்த மேலும் ஆறாண்டு எடுத்துக்கொண்டார். இன்று மியன்மார் என வழங்கும் அந்நாட்டில் கிறிஸ்தவர்கள் இன்றும் படிப்பது அம்மொழிபெயர்ப்பே.

1834இல், கணவரை இழந்து பர்மாவிலேயே பணியாற்றிவந்த சாரா போர்டுமன் அம்மையாரை மணந்தார். அவர் 1845இல், நோயுற்று அமெரிக்கா திரும்பும் வழியில் செயின்ட் ஹெலினா தீவருகே இறந்தார். 1846இல் எமிலி சபக் என்னும் எழுத்தாளரை மணந்து மோல்மேனுக்கு மீண்டார். இறுதி ஆண்டுகளில் செய்த பணி அகராதி தொகுத்தல். பெரிய வேலைகளையெல்லாம் முடித்த முதியவர் சொல்லுக்குச் சொல் பொருளெழுதிக்கொண்டிருந்தார்.

1849 இறுதியில் நோய் கண்டது. கடற்காற்று நன்மை பயக்குமென மருத்துவர் கூறவே, நடக்கவும் வலியற்றவரை 1850 ஏப்ரலில் பிரெஞ்சுக் கப்பலொன்றில் ஏற்றினர். கருவுற்றிருந்த மனைவியார் உடன்செல்ல இயலவில்லை. ஏப்ரல் 12ஆம் நாள் கடலிலே உயிர் நீத்தார். அன்று மாலையே உடலைக் கடலில் விட்டனர். முப்பத்தேழு ஆண்டுகட்கு முன் பழங்கப்பலொன்றில் சென்னையிலிருந்து கடந்து சென்ற அதே கடல். எமிலி அம்மையாருக்குச் செய்தி எட்ட நான்கு திங்கள் ஆயிற்று. பர்மியச் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் கூறும் பகுதி முடிவு பெறாமல் அவர் தாள்களிடையே கிடந்தது. ஸ்டீவன்ஸ் என்னும் மிஷனரி அதனை எடுத்து, விடுபட்டவற்றை நிரப்பி, 1852இல் மோல்மேனில் அச்சிட்டார்.